ஆளில்லாத் தீவுக்கு வந்தவர்கள்

தோக்கியோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலுக்குள் ஒரு சிறு எரிமலைத் தீவுக்கூட்டம் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் அதுவும் தோக்கியோவைச் சேர்ந்ததே. ஆனால் அங்கு விமான நிலையம் இல்லை. வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறை செல்லும் கப்பலில் 24 மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். குளிர்காலத்திலும் பனி காணாத இத்துணை வெப்பமண்டலத் தீவுகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஜப்பானியர் ஓகசவாரா என்கின்றனர்; மேலைநாட்டு வரைபடங்கள் போனின் என்கின்றன. இரண்டு பெயர்களையும் சற்றே சுரண்டிப் பார்த்தால், அடியில் இருப்பது உண்மை அன்று. ஒன்று, அங்கு மனிதரே இல்லை என்கிறது. மற்றொன்று, அங்கு வந்தாரா என்பதே ஐயத்துக்குரிய ஒருவரின் பெயர்.

போனின் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். 'இல்லை' என்று பொருள்படும் சீன எழுத்தையும் 'மனிதர்' என்று பொருள்படும் எழுத்தையும் சேர்த்து எழுதினால், பழைய ஜப்பானிய வாசிப்பில் அது 'புனின்' அல்லது 'முனின்' ஆகும். 'முனின் ஜிமா' என்றால் ஆளில்லாத் தீவு. இது ஒரு வருணனை மட்டுமே, பெயர் அன்று. 1785இல் ஹயாஷி ஷிஹெய் என்ற அறிஞர், ஜப்பானைச் சூழ்ந்த நாடுகளைப் பற்றி எழுதிய நூலில் இத்தீவுகளின் வரைபடத்தைச் சேர்த்தார். வெளிநாட்டு அச்சுறுத்தல் குறித்து அவர் எழுதியவை ஷோகுன் அரசுக்குப் பிடிக்கவில்லை. 1792இல் அவர் தண்டிக்கப்பட்டார், அச்சுப்பலகைகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஆயினும் நூலின் படி ஐரோப்பாவை அடைந்துவிட்டது. 1817இல் பாரிசில் சீனவியல் அறிஞர் ஆபெல் ரெமூசா அதை ஆதாரமாகக் கொண்டு இத்தீவுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1832இல் கிளாப்ரோத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது. இப்பயணத்தின் இடையில் வருணனை பெயராக உறைந்துபோனது. பொருள் தெரிந்தவர்க்கு அது வருணனை. தெரியாதவர்க்கு வெறும் ஒலி. மக்கள் குடியேறிய பின்னரும் அவ்வொலி அப்படியே நிலைத்தது. அங்குக் குடும்பம் நடத்தியவர்கள், பெயரளவில், இல்லாத மனிதர்கள்.

ஓகசவாரா என்ற பெயரின் கதை இன்னும் விசித்திரமானது. 1670இல் ஆரஞ்சுப் பழம் ஏற்றிச் சென்ற கப்பலொன்று புயலில் திசைமாறி இத்தீவுகளில் ஒதுங்கியது. தப்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்ட அரசு, 1675இல் ஷிமாயா இச்சிசயெமோன் தலைமையில் ஒரு கப்பலை அனுப்பி அளவெடுக்கச் செய்தது. சிச்சிஜிமா, ஹஹாஜிமா, அனிஜிமா, ஒத்தோத்தோஜிமா, அதாவது தந்தைத் தீவு, தாய்த் தீவு, அண்ணன் தீவு, தம்பித் தீவு என்று ஒரு குடும்பமே அங்குள்ள தீவுகளின் பெயர்களில் வாழ்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், ஓகசவாரா என்ற குடும்பப்பெயர் கொண்ட ஒருவர், தம் முன்னோர் ஒருவர் 1593இலேயே இத்தீவுகளைக் கண்டுபிடித்தார் என்றும், எனவே அவை தமக்கு உரியவை என்றும் அரசிடம் உரிமை கோரினார். விசாரணையில் கோரிக்கை பொய் என்று முடிவாகி, அவர் நாடுகடத்தப்பட்டார். கோரிக்கை தள்ளுபடியானது, பெயர் தள்ளுபடியாகவில்லை. பின்னாளில் ஜப்பான் இத்தீவுகள்மீது உரிமை நாட்டியபோது, தன் முன்னோடி அரசே பொய் என்று தீர்ப்பளித்த கதையின் பெயரைத்தான் அதிகாரபூர்வமாகச் சூட்டியது.

'ஆளில்லாமை' கூட முழு உண்மை அன்று. இதே கூட்டத்தின் தெற்கே உள்ள வட இவோ தீவில் 1991இல் கண்டறியப்பட்ட இஷினோ தொல்லிடத்தில் கற்கருவிகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு யாரோ வாழ்ந்திருக்கின்றனர். எங்கிருந்து வந்தனர், ஏன் மறைந்தனர் என்பதற்கு அவர்கள் விட்டுச்சென்ற சொல் எதுவும் இல்லை.

ஐரோப்பியர் வருகை திமிங்கில வேட்டையோடு தொடங்கியது. 1827 ஜூனில் பிரித்தானியக் கப்பல் 'பிளாசம்' சிச்சிஜிமாவுக்கு வந்தது. அதன் தலைவர் பீச்சி, ஒரு செப்புத் தகட்டை மரத்தில் அறைந்து, தீவு பிரித்தானியாவுக்கு உரியது என்று அறிவித்தார். அரசியல்வாதி ராபர்ட் பீலின் பெயரால் அதைப் பீல் தீவு என்றும் அழைத்தார். அப்போது அங்கு உடைந்துபோன வேட்டைக்கப்பலொன்றின் மாலுமிகள் இருவர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். இரண்டு பேர் வாழ்வது ஒரு தீவை 'ஆளுள்ள' தீவாக்கப் போதவில்லை போலும்.

அடுத்த ஆண்டு ரஷ்யக் கப்பலொன்று வந்தது. அதிலிருந்த இயற்கையியலாளர் கிட்லிட்ஸ், தரையில் இரைதேடும் ஒரு சிறு பறவையைக் கண்டு சில மாதிரிகளைச் சேகரித்தார். போனின் திரஷ் என்று இன்று அழைக்கப்படும் அப்பறவையை அவருக்குப் பின் வந்த எந்த ஆய்வாளரும் உயிருடன் பார்த்ததில்லை. 1854இல் அமெரிக்க ஆய்வுக்குழு வந்தபோது தீவில் எலிகளும் பூனைகளும் பன்றிகளும் ஆடுகளுமே நிறைந்திருந்தன. ஒரே ஒரு வருகையாளரின் குறிப்பேட்டிலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளிலும் மட்டும் எஞ்சிய உயிரினம் அது.

1830இல் முறையான குடியேற்றம் நிகழ்ந்தது. ஹவாயிலிருந்த பிரித்தானியத் தூதர் சார்ல்டனின் ஆதரவோடு, மேலைநாட்டார் ஐவரும் ஹவாய்த் தீவினர் சிலரும் புறப்பட்டு வந்தனர். மாசசூசெட்ஸைச் சேர்ந்த நதானியல் சேவரி, மத்தேயோ மத்சாரோ, மில்லிசாம்ப், சேப்பின், ஜான்சன் ஆகிய ஐவரையும் எல்லா வரலாற்று நூல்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அவர்களோடு வந்து நிலத்தைத் திருத்திய, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஹவாய்ப் பெண்களும் ஆண்களும் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர். பின்னர் குவாம் தீவிலிருந்தும் பசிபிக்கின் பிற தீவுகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். சேவரியின் மனைவி மரியா குவாமைச் சேர்ந்தவர். கிழங்கும் பன்றியும் கடலாமையும் வேட்டைக்கப்பல்களுக்கு விற்றுப் பிழைத்தது அச்சமூகம். 1853 ஜூனில், ஜப்பானின் கதவைத் திறக்கப் புறப்பட்ட அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி இங்கு வந்தபோது, எண்ணிப் பார்த்ததில் 31 பேர் இருந்தனர். நிலக்கரிக் கிடங்கு அமைப்பதற்கென்று சேவரியிடமிருந்து ஒரு துண்டு நிலத்தை வாங்கிவிட்டு அவர் சென்றார்.

1862இன் தொடக்கத்தில் 'கன்ரின் மாரு' என்ற கப்பலில் மிசுனோ தடனோரி என்ற ஷோகுன் அதிகாரி வந்திறங்கினார். மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தவர் நகஹாமா மஞ்சிரோ. சிறுவயதில் கடலில் தத்தளித்து, அமெரிக்க வேட்டைக்கப்பலால் மீட்கப்பட்டு, அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர் அவர். தீவினரிடம் இது ஜப்பானின் நிலம் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஹச்சிஜோ தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் குடியேறிகள் அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டனர் என்றாலும், 1875இல் மெய்ஜி அரசு மீண்டும் அதிகாரிகளை அனுப்பியது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் மறுக்கவில்லை. 1882க்குள் ஏற்கெனவே அங்கிருந்தவர் அனைவரும் ஜப்பானியக் குடிமக்களாகப் பதியப்பட்டனர். அவர்களைக் குறிக்க வழங்கிய சொல் 'கிகாஜின்', அதாவது குடியுரிமை பெற்று உள்ளே வந்தவர். தீவில் முதலில் இருந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் பிறகு வந்தவர்கள் ஆயினர். பிறகு வந்த ஹச்சிஜோ மக்கள் ஊர்க்காரர் ஆயினர். ஓர் ஒற்றைச் சொல் வரிசையை மாற்றிவிட்டது.

மொழியியலாளரை இத்தீவு ஈர்ப்பதற்குக் காரணம் அதற்குப் பின் நடந்தது. டேனியல் லாங் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து ஆவணப்படுத்தியுள்ள அந்தக் கலப்பு மொழியில் ஆங்கிலம், ஹவாய்மொழி, ஹச்சிஜோ வட்டார வழக்கு, தோக்கியோவின் பொதுமொழி எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. வாக்கியத்தின் எலும்புக்கூடு ஜப்பானியம். ஆனால் தன்மைச் சொல் ஆங்கில 'மீ', முன்னிலைச் சொல் 'யூ'. அவற்றின்மேல் ஜப்பானியப் பன்மை விகுதி ஏறி 'மீரா', 'யூரா' ஆகும். மரங்களின் பெயர்களில் ஹவாய்ப் பெண்களின் குரல் இன்றும் கேட்கிறது. கல்யாண முருங்கை இனத்து மரமொன்று அங்கு 'பீதேபீதே'. ஹவாயில் அது 'விலிவிலி'. புன்னை மரம் 'தமனா', ஹவாயில் 'கமனி'. ஆவணங்கள் எண்ணிக்கையாகச் சுருக்கியவர்களை மரங்கள் நினைவில் வைத்துள்ளன.

அங்கு விடைபெறும்போது சொல்லும் 'மத்தா மிரு யோ' என்ற தொடர் இன்னும் சுவையானது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'மறுபடி பார்க்கிறேன்'. 'போய் வருகிறேன், பிறகு பார்க்கலாம்' என்று இயல்பாகப் பேசும் தமிழ்க்காதுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஜப்பானியத்தில் காட்சியைப் பார்ப்பதற்கு 'மிரு', ஒருவரைச் சந்திப்பதற்கு 'அவு' என்று வேறுவேறு வினைகள் உண்டு. சந்திக்கும் பொருளில் 'மிரு' என்பது அவர்களுக்கு உறுத்தும். ஆங்கில விடைபெறும் தொடரின் வார்ப்பு அது. அதைச் சொல்லும் பலருக்கு அதன் பூர்விகம் தெரியாது.

வருகையாளர்கள் எல்லோரும் பீச்சியையும் பெர்ரியையும் போலத் தகடும் ஒப்பந்தமும் கொண்டுவந்தவர்கள் அல்லர். 1893இல், பதினேழு வயது ஜாக் லண்டன் சீல் வேட்டைக்கப்பலில் மாலுமியாக இங்கு வந்தார். தீவைச் சுற்றிப் பார்க்க ஆசையோடு இறங்கியவர், குடித்தே பொழுதைக் கழித்து, ஒன்றையும் பார்க்காமல் கப்பலேறியதாகப் பின்னர் அவரே எழுதினார். இத்தீவுகளுக்கு வந்தவர்களிலேயே மிகக் குறைந்த தீங்கு செய்தவர் ஒருவேளை அவராகவே இருக்கலாம்.

1944 இந்த வரலாற்றின் முறிவு. போர்முனை நெருங்கியதால் இவோ தீவு உட்பட எல்லாத் தீவுகளிலிருந்தும் 6,886 பேர் ஜப்பானின் பெருநிலத்துக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டனர்; 825 ஆண்கள் படைப்பணிக்கு என்று நிறுத்திவைக்கப்பட்டனர். கப்பலேறியவர்கள் கையில் எடுத்துச்செல்லக்கூடியதை மட்டுமே கொண்டுசென்றனர். சேவரி குடும்பத்தார் போர்க்காலத்தில் 'செபோரி' ஆகியிருந்தனர். வெப் குடும்பத்தார் 'உவாபே' ஆகியிருந்தனர். பெயர் மாறியும் முகம் மாறவில்லை. பெருநிலத்தில் அவர்களை ஒற்றர்களோ என்று பார்த்தவர்கள் உண்டு. சிச்சிஜிமாவோ கோட்டையாக மாறியது. 1944 செப்டம்பர் 2 அன்று அதன் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானிகளில் ஒருவர், நீர்மூழ்கிக் கப்பலொன்றால் மீட்கப்பட்டு, பின்னாளில் அந்நாட்டின் அதிபரானார். அவர் மூத்த ஜார்ஜ் புஷ். 2002இல் அவரும் ஒரு வருகையாளராக மீண்டும் தீவுக்கு வந்தார்.

போர் முடிந்த பிறகு யார் திரும்பலாம் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கப் படையாட்சியின் விடை வெளிப்படையாகவே இன அடிப்படையில் அமைந்தது. 1946 அக்டோபரில் மேலைநாட்டு வழித்தோன்றல்களும் அவர்தம் குடும்பத்தாருமான 129 பேர் மட்டும் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். மற்ற ஆயிரக்கணக்கானோர், தலைமுறைகளாக அங்குக் கரும்பும் காய்கறியும் பயிரிட்டவர்கள், அனுமதிக்கப்படவில்லை. முன்பு 'உள்ளே வந்தவர்' எனப்பட்டவர்கள் மட்டுமே இப்போது ஊர்க்காரர். அதுவரை ஊர்க்காரராக இருந்தவர்கள் வெளியார். எழுபது ஆண்டுகளில் அதே வரிசை தலைகீழாகத் திரும்பியது. இதைத் திரும்பியவர்களின் வெற்றி என்று சில எழுத்துகள் கொண்டாடுவது பொருந்தாது. அவர்களும் தங்கள் அண்டைவீட்டாரை இழந்தே திரும்பினர். ஜப்பானியரை மணந்த பெண்களின் பிறந்தவீட்டு உறவுகளும் திருமண உறவுகளும் கடலின் இரு கரைகளில் நின்றன.

அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள் தீவு வெளியுலகுக்கு மூடப்பட்டிருந்தது. அமெரிக்கக் கடற்படை நடத்திய ராட்ஃபோர்டு பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தனர். வீட்டில் 'மீ', 'யூ' கலந்த மொழி பேசினர். சிச்சிஜிமாவிலும் இவோ தீவிலும் அணு ஆயுதங்கள் வைக்கப்பட்டிருந்ததைப் பின்னர் வெளியான அமெரிக்க ஆவணங்கள் உறுதிப்படுத்தின. திரும்ப இயலாதவர்களுக்கு 1961இல் அமெரிக்கா 60 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. வீட்டுக்கு ஈடாகத் தொகை வந்தது. வீட்டுக்குப் போகும் உரிமை வரவில்லை.

1968 ஜூன் 26 அன்று தீவுகள் ஜப்பானிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. பள்ளிமொழி ஒரே நாளில் மாறியது. ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகள் ஜப்பானிய எழுத்துகளை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. மூத்த மாணவர் சிலர் குவாமுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட்டனர். தீவின் பேச்சில் மூன்று புதிய சொற்கள் நிலைபெற்றன. 'ஓபெய்கெய்' என்றால் மேலைநாட்டு வழியினர். 'கியூதோமின்' என்றால் போருக்கு முன்பிருந்த பழைய தீவினர். 'ஷிந்தோமின்' என்றால் 1968க்குப் பின் வந்த புதிய தீவினர். இன்றுள்ள ஏறத்தாழ 2,500 பேரில் பெரும்பான்மையோர் கடைசி வகையினர். கடலை விரும்பிப் பயணியாக வந்து, அப்படியே தங்கிவிட்டவர்களும் அவர்களில் உண்டு.

இன்று அங்குச் செல்பவர்களை ஈர்ப்பது மனிதரின் வரலாறு அன்று. 2011இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலக இயற்கை மரபிடமாக அறிவித்தது. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராத எரிமலைத் தீவுகள் என்பதால், தற்செயலாக வந்து சேர்ந்த நிலநத்தைகளும் தாவரங்களும் தனித்தே பரிணமித்தன. பாறையும் தனித்தன்மை உடையது: ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் குமுறிய எரிமலைக் குழம்பின் அரிய வகையொன்றுக்கு நிலவியலாளர் 'போனினைட்' என்றே பெயரிட்டனர். 'ஆளில்லை' என்ற சொல் கல்லுக்கும் போனது. செடிகளுக்கும் போனது: 'முனின் நொபோத்தான்', 'முனின் த்சுத்சுஜி' என்று பல தாவரங்கள் அச்சொல்லைத் தலையில் சுமக்கின்றன. பின்னது வெள்ளைப் பூப்பூக்கும் ஒரு காட்டுச் செடி. இயற்கைச் சூழலில் ஒரே ஒரு செடியாகக் குறைந்த பின், தோக்கியோ பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தின் முயற்சியால் மீட்கப்பட்டு வருகிறது.

வருகையாளர் செய்த தீங்கை வருகையாளரைக் கொண்டே தடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கப்பலில் வருபவர் காலணியின் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். சுண்ணாம்புக்கல் வளைவும் வெண்மணலும் கொண்ட மினாமிஜிமா தீவுக்கு ஒரு நாளைக்கு 100 பேர் மட்டும், வழிகாட்டியோடு, இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் செல்லலாம். அமெரிக்கர் காலத்தில் குவாமிலிருந்து வந்துசேர்ந்த பச்சைப் பல்லியினம் பூச்சிகளைத் தின்று தீர்த்ததைப் பார்த்த பிறகு இவ்விதிகளை மிகை என்று எவரும் சொல்வதில்லை. அனிஜிமாவில் விமான நிலையம் அமைக்கும் திட்டம் 1990களில் கைவிடப்பட்டதற்கும் நத்தைகளும் அரிய புதர்க்காடும் காரணம். மருத்துவ அவசரத்துக்கு விமானம் வேண்டும் என்ற தீவினரின் கோரிக்கை மட்டும் இன்றும் விவாதத்திலேயே இருக்கிறது. 'மனிதர் கை படாத சொர்க்கம்' என்ற விளம்பர வாசகம், பழைய ஆளில்லாத் தீவின் புதுப்பதிப்பு. அதற்குள் மருத்துவமனைக்குப் போகவேண்டிய கர்ப்பிணிக்கு இடமில்லை.

இன்னும் தெற்கே, சிச்சிஜிமாவிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டரில் இவோ தீவு. கந்தகப் புகை இடைவிடாது கசியும் உயிருள்ள எரிமலை அது. போருக்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குக் கரும்பும் எலுமிச்சைப் புல்லும் வளர்த்து வாழ்ந்தனர். பள்ளியும் கோயிலும் இருந்தன. உலகம் அறிந்திருப்பதோ 1945இல் மலையுச்சியில் கொடி நட்ட அமெரிக்கப் படைவீரரின் ஒளிப்படத்தை மட்டுமே. 1944இல் நிறுத்திவைக்கப்பட்ட தீவின் ஆண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர்; பெரும்பாலோர் அப்போரில் இறந்தனர். 1968க்குப் பிறகு சிச்சிஜிமாவின் பழைய குடிகள் திரும்பலாம் என்றானபோது இவோ தீவினர் திரும்ப இயலவில்லை. எரிமலைச் செயற்பாடும் வெடிக்காத குண்டுகளும் உள்ளதால் குடியமர்வு கடினம் என்று 1984இல் அரசின் ஆலோசனைக் குழு முடிவு கூறியது. அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை. அதே தீவில் தற்காப்புப் படையினர் ஓடுதளத்தோடும் குடியிருப்போடும் ஆண்டு முழுவதும் தங்கிப் பணியாற்றுகின்றனர்.

2007 ஜூனில் ஜப்பானிய நிலவரைபட அமைப்பு அத்தீவுப் பெயரின் வாசிப்பை 'இவோ ஜிமா'விலிருந்து 'இவோத்தோ' என்று திருத்தியது. எழுத்துகள் மாறவில்லை, கடைசி எழுத்தை எப்படி ஒலிப்பது என்பது மட்டும் மாறியது. போருக்கு முன் தீவினர் ஒலித்த முறை 'இவோத்தோ'தான். அம்முறையை மீட்டுத் தருமாறு அவர்கள் நெடுங்காலம் கேட்டுவந்தனர். முன்னாள் குடிகளும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கல்லறை வழிபாட்டுக்கென ஏற்பாடு செய்யப்படும் பயணங்களில் படைவிமானத்திலோ கப்பலிலோ அங்குச் செல்கின்றனர். தரை ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டிருப்பதால், போரின்போது கரையோரக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களின் கூடுகள் இன்று மணல்மேல் கிடக்கின்றன. வீடுகள் நின்ற இடங்களைக் காடு மூடியிருக்கிறது. பூவும் தண்ணீரும் படைத்துவிட்டு, குறித்த நேரத்துக்குள் அவர்கள் புறப்பட வேண்டும்.